தொட்டிலில் போடாத அத்தை

எங்கள் வழக்கத்தில், குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் அதன் அத்தைதான் அதைத் தொட்டிலில் போட வேண்டும். கீழ்பென்னாத்தூரில் என் அண்ணனுக்கு மகள் பிறந்தபோது அந்த அத்தை நான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள், வேங்கிக்காலில் அரசு வேலையில் இருப்பவள். அண்ணி பெருமையாகத்தான் குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

அதற்கு முந்தைய வாரம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது, கையை விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அவள் விழுவது கண்ணில் தெரிந்தது. பிறகு அவளைப் பார்த்தபோதெல்லாம் அதுவே வந்தது. அன்றும் வந்தது. "அவ அம்மாவே போடட்டும்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஆபீசர் அம்மா பொடவையில மூத்திரம் பட்டுடும்னு பயப்படறாங்க," என்றார் பெரியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

நான் மறுக்கவில்லை. கொல்ல நினைப்பவள் என்பதைவிடத் திமிர் பிடித்தவள் என்ற பெயர் தேவலை என்று தோன்றியது.

மூன்று பௌர்ணமி கிரிவலம் போனேன். எட்டு லிங்கத்தின் முன்னாலும் நின்று, அது வரக் கூடாது என்று வேண்டினேன். வேண்டுவதற்கே அதை நினைக்க வேண்டியிருந்தது. எட்டு இடத்திலும் குழந்தை விழுந்தாள்.

கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். வீட்டில் எல்லாருடைய மருந்துச் சீட்டையும் படித்துச் சொல்பவள் நான். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"அப்படிச் செய்யணும்னு ஆசை இருக்கா?" என்று கேட்டார். அழுதேன்.

"இல்லாததாலதாம்மா இவ்ளோ பயப்படறீங்க. இந்த மாதிரி நெனப்பு நெறைய பேருக்கு வருது. தொரத்தாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க கொழந்தையத் தூக்குங்க."

அது புரிய ஒரு நாள் போதும். கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவரை அண்ணன் வீட்டுக்குப் போவதையே தவிர்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், "குடுங்க அண்ணி" என்றேன்.

"இப்பதான் இவ கண்ணுக்குத் தெரிஞ்சாளா?" என்றபடியே கொடுத்தாள்.

நினைப்பு வந்தது. வரட்டும் என்று விட்டேன். என் கைகள் அவளை விடவில்லை. ஆனால் குழந்தை என் முகத்தைப் பார்த்து வீறிட்டாள், அம்மாவிடம் தாவினாள். திருப்பிக் கொடுத்தேன்.

"பழக்கமில்ல, அதான்," என்றாள் அண்ணி.

"அடுத்த வாரமும் வரேன்."

"வா. உங்க அண்ணன் வீடுதானே."