மஞ்சூர் பஸ்ஸில் சாத்திய ஜன்னல்

இன்று காலை, மஞ்சூரிலிருந்து ஊட்டி போகும் பஸ். என் பக்கத்தில் ஓர் அம்மாவும் ஆறு வயது மகளும்.

வெளியே கற்பூர மரங்கள் ஆடத் தொடங்கியதும் குழந்தை எழுந்து ஜன்னலைச் சாத்தியது.

“குளிருதா பாப்பா?” என்றேன்.

“காத்து வருதுங்க,” என்றது, மழை வருகிறது என்பதுபோல.

அம்மாதான் விளக்கினார். “ஊட்டுக்காரருக்கு மலைக்குக் கீழ, கீழ்நாட்டுல நிலக்கரிச் சுரங்கத்துல வேலைங்க. எங்க ஊட்டுக்குக் கிழக்கால சுரங்கம். கிழக்குக் காத்து அடிச்சா கரித்தூள் சோத்துல வந்து உழுகும். மரம் ஆடுனா ஓடிப்போய்ச் சாத்தோணும்னு பழக்கி வெச்சிருக்கேன். இவளுக்கு வீசிங். அதான் லீவுக்கு எங்கம்மா ஊட்டுக்கு வந்தோம். இப்பத் திரும்பிப் போறோம்.”

“இங்க ஏதுங்க கரி?” என்று நானே ஜன்னலைத் திறந்துவிட்டேன். குழந்தை காற்றுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிச் சிரித்தது.

அம்மா கைநீட்டி மறுபடி சாத்தினார்.

“வேண்டாமுங்க. இது பழகிட்டா, நாளைக்கு அங்க போயும் திறந்துருவா.”

ஊட்டியில் இறங்கியதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

‘நல்ல காற்று வாங்க எங்கள் மலைக்கு வாருங்கள்’ என்று வாரம் தவறாமல் இங்கே படம் போடுகிறவன் நான். திரும்பிப் போகிறவர்களுக்கு என்ன போடுவது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.