வேக வைத்த புரதம்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

வடிவம் இல்லாத புரதங்கள் என்று ஒரு வகை உண்டு. மற்றவை ஒழுங்காக மடிந்து ஓர் உருவத்தில் நிற்கும். இவை நெளிந்துகொண்டே இருக்கும், அப்படியே தங்கள் வேலையையும் பார்க்கும். நாங்கள் படிக்கும் புரதத்தைப் பிரித்தெடுக்க, எல்லாம் கலந்த கரைசலைக் கொதிக்கும் நீரில் வைத்துவிடுவோம். மடிந்த புரதங்கள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டு அடியில் படியும். எங்களுடையது தெளிந்த நீரிலேயே தங்கிவிடும். ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொரு மாணவிக்கும் முதல் வாரமே நான் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற ஒருத்தி, இரண்டு வருட உழைப்போடு ஆய்வுக் குழு முன்னால் நின்றாள். குழு ஒப்புக்கொண்டால் மேலே தொடரலாம். இல்லையென்றால் வேறு புரதம், மறுபடி முதலிலிருந்து. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் மூன்றாவது ஸ்லைடிலேயே அவளை நிறுத்தினார்.

"சாம்பிளை வேக வெச்சியாம்மா? ரசமா வெக்கிறே?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பையன் நின்றிருந்தால் அந்த ரசம் வந்திருக்குமா? அவள் பொறுமையாக விளக்கினாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. புரதத்தின் உருவப்படம் எங்கே என்று கேட்டார். உருவமே இல்லாததற்குப் படத்துக்கு எங்கே போவது? சோதனைக்குழாயில் குப்பையை வைத்துக்கொண்டு கதை சொல்கிறாள் என்றார். வேறு புரதம் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவளுடைய ஆய்வு வழிகாட்டியான நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என் பதவி உயர்வு நேர்காணலுக்கும் அவர்தான் வரப்போகிறார் என்று எனக்குத் தெரியும். வாயில் கொழுக்கட்டை. தாள் என்னிடம் வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆய்வகத்தில் அவளைப் பார்த்ததும் வாய்விட்டே திட்டினேன். படித்த காலத்துப் புத்தகத்தைத் தாண்டி ஒரு வரி படிக்காதவர், இவரெல்லாம் பேராசிரியரா, ஒரு பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது என்று. அவள் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்த பிறகு நிமிர்ந்தாள்.

"அவருக்குத் தெரியாது, பேசிட்டாரு. உங்களுக்குத் தெரியும்ல மேம்?"

குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, இனி எந்தப் புரதத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டாள்.