மாடிக்கு எட்டும் பெட்டி

வீடு முழுக்க வைஃபை எட்டவைக்கும் மெஷ் பெட்டி வாங்கி வரச் சொல்லியிருந்தார் அப்பா. தருமபுரிக் கடையில் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் மாரண்டஹள்ளிக்கார அம்மா ஒருவர் நின்றிருந்தார். விரல்களில் தக்காளிக் கறை. கடைக்காரரிடம் எதைக் கேட்டாலும், பதில் வருவதற்கு முன்பே தலையாட்டிவிடுவார்.

என்னிடம் திரும்பினார். "போன வருசம் இந்த வெள்ளப் பொட்டிதாங்க மாட்டுனோம். பெங்களூர்ல இருந்து வந்த பையன், மாடில சிக்னல் வரல, வேலை பாக்க முடியலன்னு மறுநாளே கெளம்பிட்டான். பெரிய வூடு பாருங்க. பொங்கலுக்கு அந்தக் கருப்பு போட்டா மாடிக்கு எட்டுமுங்களா?"

இரண்டு பெட்டிகளின் விவரங்களையும் படித்திருந்தேன். கம்பெனியும் நிறமும்தான் வேறு. எட்டும் தூரம் ஒன்றுதான். அவர் மகன் சொன்ன அதே காரணத்தைச் சொல்லித்தான் நானும் அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தால் மறுநாளே கிளம்புவேன். ஒருமுறைகூட எங்கள் வீட்டில் சிக்னல் இல்லாமல் போனதில்லை.

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் தலையாட்டாமல் என் முகத்தையே பார்த்தார்.

"நல்லா எட்டுமுங்க" என்றேன்.

அதன் பிறகுதான் தலையாட்டினார், மெதுவாக. தெரிந்தேதான் கேட்டாரோ என்று இன்றும் தோன்றுகிறது. அப்பாவும் தெரிந்தேதான் பெட்டி வாங்கி வரச் சொன்னாரோ.