நான் சொல்லி அனுப்பிய பதில்

ராயபுரத்தில் எங்கள் கோயில் பெண்கள் சபையார் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஒரு பாட்டு நாடகம் போடுவார்கள். அதற்குக் கட்டியங்காரன் நான். பொம்பளைக்கு என்ன கட்டியங்காரன் வேஷம் என்று கேட்காதீர்கள். அந்த நாடகத்தில் அப்பன் வேஷத்தையே காசிமேட்டில் மீன் விற்கிற ஓர் அத்தைதான் மீசை ஒட்டிக்கொண்டு கட்டுவார். ஆர்மோனியமும் மத்தளமும் மட்டும் ஆம்பளைகள் கையில்.

நாடகம் ரொம்பப் பழசு. யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நோட்டுப் புத்தகம் கிழியக் கிழியப் புது நோட்டில் பார்த்து எழுதிக்கொள்வோம். கதை இதுதான். ஒரு படகுக்காரனுக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேரையும் ஒரே பந்தலில் கட்டிக்கொடுத்துவிட அவனுக்கு ஆசை. தங்கச்சி எப்போது எப்போது என்று நிற்கிறாள். அக்கா மட்டும் எனக்குக் கல்யாணமே வேண்டாம், நான் தனியாக இருந்துகொள்கிறேன் என்கிறாள். அங்கே ஆரம்பிக்கிற தர்க்கப் பாட்டு மூன்று மணி நேரம் ஓடும். புருஷன் என்றால் பாதுகாப்பு என்று தங்கச்சி பாடினால், குடித்துவிட்டு வருகிறவனிடமிருந்து யார் பாதுகாப்பார் என்று அக்கா பாடுவாள். தனியாகக் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி யார் தருவார் என்பாள் இவள். நாலு பிள்ளையோடு காய்ச்சலில் கிடந்தால் கஞ்சியை யார் வைப்பார் என்பாள் அவள். கடைசியில் அப்பன் சாவுக்கு இரண்டு பேரும் நரைத்த தலையோடு வந்து, நீ கொடுத்து வைத்தவள் என்று ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி அழுவார்கள். எது சரி என்று நாடகம் சொல்லவே சொல்லாது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் புருஷன் பெண்டாட்டிகள் அதைப் பேசிச் சண்டை போட்டுக்கொண்டு போவார்கள்.

இந்தக் கதையை முதலில் வந்து ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. கூடவே கட்டியங்காரனுக்கு ஓர் உரிமை உண்டு. எங்கள் கோயிலைச் சேர்ந்த யாரை வேண்டுமானாலும், சாமியாரைக்கூட, கிண்டல் பண்ணலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்குச் சும்மாவே வாய் நீளம். கல்யாணம் கட்டினவர்களை நான் அந்தப் பத்து நிமிஷத்தில் கிழிக்கிற கிழியில் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பார்கள். இவளை எவன் கட்டுவான் என்றும் பேசிக்கொள்வார்கள். அது என் காதுக்கு வரும். நான் கண்டுகொள்ளவில்லை. வேஷத்தில் சொல்வதை நிஜம் என்று நினைக்கிற அளவுக்கு நம் ஜனங்கள் அசடுகள் இல்லை என்று நம்பியிருந்தேன்.

எனக்கு இருபத்தைந்து வயது. கப்பல் சரக்கு இறக்கும் ஓர் ஆபீசில் டெலிபோன் போர்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்மோனியம் வாசித்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டார்.

கேட்ட அன்றே பதில் சொல்லிவிடுவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. பெற்றவளே போய்ச் சரி என்று சொன்னால் பெண்ணைத் தள்ளிவிட அலைகிறார்கள் என்பார்கள். பெண்ணே சொன்னால் அதைவிடக் கேவலம். பெண்ணின் கூட்டாளி ஒருத்திதான் போய்ச் சொல்ல வேண்டும். என் கூட்டாளி எதிர் வீட்டுக்காரி. சின்ன வயசில் ஒரே நாளில் கோயிலில் முதல் அப்பம், புதுநன்மை, வாங்கினவர்கள் நாங்கள். நாடகத்தில் அக்கா வேஷம் அவளுக்குத்தான், அப்படி ஒரு குரல். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பினேன். எனக்குச் சம்மதம், தவக்காலத்தில் கல்யாணப் பேச்சு வேண்டாம், ஈஸ்டர் முடிந்ததும் வரச் சொல். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். திரும்பி வந்து, சொல்லிவிட்டேன், சந்தோஷப்பட்டார்கள் என்றாள்.

அந்த நாற்பது நாளும் ஒத்திகை நடந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு கட்டையை அமுக்கிக்கொண்டிருப்பார். கூச்சம் என்று நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மடச்சி.

நாடகத்தன்று காலைப் பூசை. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறின புதிது அது, சாமியார் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திப் படிப்பார். பிரசங்கம் முடிந்ததும் ஓலை வாசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பேரைக் கோயிலில் படித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்களே, அதுதான். முதலில் அவர் பெயர் வந்தது. என் அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள், யாரும் நம்மிடம் சொல்லாமல் எப்படி ஓலை கொடுத்தார்கள் என்று. அடுத்தது எதிர் வீட்டுக்காரி பெயர் வந்தது.

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. நன்மை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை. நாடகத்துக்குப் போகாதே என்றாள் அம்மா. போகாமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? போனேன்.

சாயங்காலம் மேடைக்குப் பக்கவாட்டில் அவர் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வேட்டி கட்டித் தலைப்பாகையோடு நின்றேன். அவரே பேச்செடுத்தார்.

"கோச்சுக்காத. எங்கம்மா எம்மாம் ஆசையா வந்து கேட்டுச்சு. நீ கல்யாணமே வாணாம், நாடகத்துல சொல்றாப்ல தனியாவே இருந்துக்கறேன்னு சொல்லி அனுப்ச்சிட்ட. அதுக்கு மனசு வுட்டுப்போச்சு. அப்புறந்தான் சேதி எடுத்தாந்தவளையே கேட்டுச்சு."

அதற்கு மேல் பேசவிடாமல் மத்தளம் தட்டிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் அக்கா வேஷத்து வெள்ளைப் புடவையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள். எட்டி மயிரைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் என் வரவுப் பாட்டை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடையில் போய் எல்லாம் முறையாகவே சொன்னேன். படகுக்காரனைச் சொன்னேன், இரண்டு பெண்களைச் சொன்னேன், ஒரே பந்தலைச் சொன்னேன். அக்காவின் பேச்சு வந்ததும் நோட்டில் இல்லாததைச் சொன்னேன்.

"அக்காகாரி கல்யாணம் வாணாம்னு சொன்னாளாம். அவ வாயால சொல்லி இங்க யாராச்சும் கேட்டீங்களா? அவ சரின்னுதான் சொல்லி அனுப்ச்சா. எடுத்துகினு போனவ மாத்திச் சொல்லிட்டு, தானே மாலைக்குக் கழுத்த நீட்டிகினு கீறா."

ஜனங்கள் சிரித்தார்கள். கட்டியங்காரன் புதுசாக என்னமோ சேர்த்துச் சொல்கிறான் என்று கைகூடத் தட்டினார்கள். ஆர்மோனியம் மட்டும் நின்றுபோயிற்று. அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் திரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மத்தளக்காரர் முழங்கையால் இடித்ததும் குனிந்து அக்காவின் வரவுப் பாட்டை எடுத்தார். அவள் வெளியே வந்து, எனக்கு ஒருவரும் வேண்டாம் என்ற பாட்டை ஒரு பிசிறு இல்லாமல் பாடினாள்.

அந்த வாரம் முழுக்க நான் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது, இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வருவார் என்று. ஆபீசில் நம்பரை மாற்றி மாற்றி இணைத்துத் திட்டு வாங்கினேன். யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள்.

பூசை முடிந்து கோயில் வாசலில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் பண்ணது தப்புதான். எனக்கும் அவர் மேல ஆச இருந்துச்சு. நாடகத்தன்னிக்கே அவராண்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்மே. ஓலை படிச்சப்புறம் நிறுத்துனா கலீஜாப் பேசுவாங்க, இப்படியே இருந்துட்டுப் போவட்டும்னுட்டாரு."

ஒரு வாரமாக அவளை மனசுக்குள் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். அதைக் கேட்டதும் அந்தக் கோபமெல்லாம் அவர் பக்கம் திரும்பிவிட்டது. விடுவிடென்று வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு வேண்டுமென்றே முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சாமியார் இரண்டு பெயரையும் படித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று நிறுத்தினார். ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். எங்கே எழுந்துவிடப் போகிறேனோ என்ற பயம்தான் அந்த முகத்தில் இருந்தது, வேறு ஒன்றுமே இல்லை. சீ, இந்த முகத்துக்கா நாற்பது நாள் காத்திருந்தேன் என்று எனக்கே என் மேல் வெட்கமாகப் போயிற்று.