கணக்கில் வராத பயணம்

“ஓட்டறதுக்கே ஆளில்லாத ரயிலு, ஏறறதுக்கு மட்டும் ஆளைத் தேடி ஊடு ஊடா வருதாக்கும்?” என்றாள் அக்கா. எனக்குச் சுருக்கென்றது.

டிப்ளமோ முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. கோவைக்கு நகர ரயில் போட முடியுமா என்று ஒரு தனியார் நிறுவனம் ஆய்வு நடத்தியது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ரயில் தானாகவே ஓடும் என்று எங்கள் பொறியாளர் படம் வரைந்து காட்டியிருந்தார். எந்தப் பக்கமிருந்து எத்தனை பேர் நகரத்துக்குப் போய் வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் பாதையை முடிவு செய்வார்கள். வீடு வீடாகப் போய் அதைக் கேட்டு எழுதுவது எங்கள் வேலை. தொண்டாமுத்தூரைத் தாண்டியிருக்கும் எங்கள் ஊரும் பட்டியலில் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். என் கையெழுத்தால் ஊருக்கு ரயில் வரப்போகிறது என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை எதிரே உட்காரச் சொன்னேன். தக்காளிச் செடியின் கறை பிடித்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நேற்று எங்கெல்லாம் சென்றீர்கள்?” படிவத்தில் இருந்தபடியே படித்தேன்.

“எழுதிக்குங்க ஆபீசரம்மா. தண்ணிக்கு நாலுவாட்டி, தோட்டத்துக்கு ஒருக்கா, கடைக்கு ஒருக்கா.”

“நடந்து போனது சேராதுக்கா. பஸ்ஸு, வண்டி, இப்படி ஏதாச்சும்?”

“அப்ப நான் எங்கயும் போகலே கண்ணு.”

பூஜ்யம் போட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்த வட்டம் மட்டும் தெரிந்தது.

“ஏன் போகலேன்னு கேக்க மாட்டாங்களா?”

“அதுக்குக் கட்டம் இல்லேக்கா.”

சிரித்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். பதினேழு வயதில் பீளமேட்டில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறைக்குப் போனாள். மெல்லிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் வேலை. “வேலை முடியறப்ப நம்மூரு கடைசி பஸ்ஸு போயிரும். ஆறு மாசம் தொண்டாமுத்தூர்ல எறங்கி நடந்தே வந்துபோட்டேன். அப்பறம் ஒரு நாளு வழியில ஆனை நின்னுச்சு. அப்பா போதும்னுட்டாரு.”

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு வேலை பிடிக்கவில்லை என்றுதான் அப்பா சொன்னார். பாலிடெக்னிக்கில் தோழிகளிடம் நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் இளக்காரமாக.

“உனக்குப் புடிக்கலேன்னுல்ல அப்பா சொன்னாரு?” என்றேன்.

“புடிக்காமயா? அந்தப் பட்டறை மேஸ்திரி போன தீவாளிக்குக்கூட, அந்தப் புள்ள திரும்ப வருமான்னு ஆளுகிட்டக் கேட்டு உட்டாரு.”

ஊரில் மற்ற வீடுகளிலும் பெண்களிடமிருந்து பூஜ்யங்களே வந்தன. படிவங்களின் ஓரத்தில், ‘பஸ் இருந்தால் வேலைக்குப் போவார்’ என்று எழுதி வைத்தேன். மேற்பார்வையாளர் அதையெல்லாம் சிவப்பு மையால் அடித்தார்.

“போனதை மட்டும் எழுதுங்கம்மா. போக நெனச்சதை எழுதினா உங்கூரே அமெரிக்கா போயிட்டு வந்திருக்கும்.”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வரைபடம் வந்தது. பாதை எங்கள் ஊருக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிட்டது. என் கணக்கில் ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“வராட்டிப் போச்சாது அம்மணி. நீ எதுக்கு அழுவற? அது வர்றப்ப எனக்குக் கண்ணு தெரியுமோ என்னமோ, கம்பி மெலிசு.”

அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது.

மறுநாள் வேலை முடிந்ததும் அந்தப் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரிக்கு அவளை நன்றாக நினைவிருந்தது. “திங்கக்கெழமை வரச் சொல்லுங்க” என்றார். பட்டறைக்குப் பின் சந்தில் இரண்டு பேர் படுக்கும் அளவில் ஓர் அறை பார்த்து, என் பெயரில் எடுத்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.