டிபன் கேரியருக்கு ஒரு சீட்

பெட்ரோல் விலை ஏறிவிட்டதாம். ஒரே வழியில் வருகிறவர்கள் ஒரே காரில் வர வேண்டும் என்று மெட்ராஸ் தலைமை அலுவலகம் சொல்ல, எங்கள் கப்பல் ஏஜென்சியில் நேற்று சர்க்குலர் வந்தது. கையெழுத்து மேனேஜருடையது. டைப் அடித்தது நான்.

இன்று காலை உப்பளத்துப் பக்கத்து நிறுத்தத்தில் பஸ் வரவேயில்லை. மேனேஜரின் அம்பாசிடர் வந்தது. முன்னால் டிரைவர் அண்ணாச்சி. பின்னால் மேனேஜர், அவர் பக்கத்தில் டிபன் கேரியர்.

நான் கை காட்டினேன்.

"ஏளா, கையக் கீழ போடு! நீ இன்னும் டெம்பரரி," என்று கூட நின்ற எங்கள் ஆபீஸ் மேரியக்கா என் முந்தானையை இழுத்தாள்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரியும் என்னுடையது, முதல் மாதச் சம்பளமும் என்னுடையது. இந்த வேலையின் அருமை எனக்கா தெரியாது? ஆனாலும் கை இறங்கவில்லை.

கார் நின்றது. "என்னம்மா?"

"ஒரே வழிதான் சார். சர்க்குலர்ல..."

"அது கார் வச்சிருக்கவங்களுக்கு!"

"நம்ம ஆபீஸ்ல கார் வச்சிருக்கது நீங்க மட்டுந்தான் சார்."

டிரைவர் அண்ணாச்சி சிரிப்பை விழுங்கினார். மேனேஜர் டிபன் கேரியரோடு முன்சீட்டுக்கு மாறினார். நாங்கள் பின்னால் ஏறினோம்.

இறங்கும்போது, "நாளைக்கு பஸ்ல வாம்மா. நீ டெம்பரரி, மறந்துடாதே," என்றார் மேனேஜர்.

மறக்கவில்லை. நாளையும் அங்கேதான் நிற்பேன், கையும் காட்டுவேன். வேண்டாமென்றால் அவர் சர்க்குலரை வாபஸ் வாங்கட்டும். அதையும் நானே டைப் அடித்துத் தருகிறேன்.

உங்கள் ஆபீஸ் டிபன் கேரியர்கள் எதில் வருகின்றன, சொல்லுங்கள்.