வெளிச்சம் தெரியாத குழாய்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. என் மோட்டார் ரிப்பேர் கடையில் நான் இருந்தேன். பென்னாகரம் காட்டோரம் நிலக்கடலை போடும் மாதம்மாள் இருந்தார். அவர் தம்பி கோவிந்தன் இருந்தான். பெஞ்சின் மேல் ஒரு ஒற்றைக் குழல் துப்பாக்கி.

லைசென்ஸ் உள்ளதுதான். புருஷன் இறந்தபின் மாதம்மாள் பேருக்கு மாறியது. காட்டுப் பன்றிக்குச் சத்தம் காட்ட. மறுநாள் ஸ்டேஷனில் காட்டவேண்டும். குழாயில் வெளிச்சம் தெரிந்தால் புதுப்பிப்பார்கள். தெரியாவிட்டால்... ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

என்னிடமும் ஒரு துப்பாக்கி உண்டு. அதனால் என்னிடம் வந்தார்கள்.

தோட்டா இல்லை என்று பார்த்தேன். குழாயைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தேன். இருட்டு.

"ஒரு தோட்டா போட்டு சுட்டுட்டா அடைப்பு தானா எகிறிரும்ணா" என்றான் கோவிந்தன்.

"குழாயும் எகிறும். உன் மூஞ்சியும் எகிறும்."

"அவன் மூஞ்சி போனா ஒண்ணும் நட்டமில்லைங்கண்ணா" என்றார் மாதம்மாள்.

மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று மணி நேரம் ஊறவிட்டேன். இரும்புக் கம்பியால் குத்தினால் உள்ளே கீறிவிடும். மூங்கில் குச்சியைப் பின்பக்கமாக விட்டு மெல்லத் தட்டினேன். ஏதோ நகர்ந்தது. வாய்ப்பக்கம் வந்து விழுந்தது.

கறுப்பு. கல் மாதிரி. கோலிக்குண்டு அளவு.

மாதம்மாள் எடுத்து மோந்து பார்த்தார். "ஐயோ... நான் வெச்ச எலுமிச்சம்பழம்ங்க! ஆயுதபூசைக்கு வாயில சொருகுனேன். காணமேன்னு பாத்தேன். எலி தூக்கிட்டுப் போயிருச்சின்னு உட்டுட்டேன்."

"எந்த வருசம்?"

"அவரு செத்துப்போன வருசம்."

பழம் காய்ந்து சுருங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. புளிப்பு இரும்பைத் தின்றிருக்கிறது.

யாரைக் குறை சொல்ல? என் கடைக்கு வரும் மோட்டார்களைப் பாருங்கள். சந்தனம் இருக்கும், கிரீஸ் இருக்காது. கும்பிடுகிற பொருளைத் துடைக்க நமக்குக் கை வருவதில்லை.

பித்தளை பிரஷ். எண்ணெய். துணி. மறுபடி பிரஷ். சாயங்காலம் குழாய்க்குள் வட்டமாக வானம் தெரிந்தது. நடுவில் சில குழிகள் — துரு அரித்தவை. அவை போகாது. சொல்லிவிட்டேன்.

மறுநாள் நானும் கூடப் போனேன். ஆயுதம் பார்க்கும் ஏட்டய்யா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மாதம்மாள் முந்தானையைப் பிடித்தபடி நின்றார்.

"உள்ள அம்மை போட்டாப்பல இருக்குதே?"

"பழசுங்கய்யா" என்றார் மாதம்மாள்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏட்டய்யா தட்டிப் பார்த்தார், கை வைத்து அழுத்திப் பார்த்தார். பழுதில்லை என்று எழுதினார்.

நேற்று புது லைசென்ஸ் வந்தது. மாதம்மாள் கொண்டுவந்து காட்டினார். "எத்தினி வருசம் போட்டிருக்காங்க, பாருங்கண்ணா?"

பார்த்தேன்.

முழுசாக ஐந்து.